நாடாவின் கீழ் நுனி

சத்தம் கேட்டுத்தான் நான் வேலிக்குப் போனேன். ஒட்டுக்கேட்கப் போனவன் என்று ஊர் சொல்லும், சொல்லட்டும். நீர்வேலியில் எங்கள் ஒழுங்கையில் காலை எட்டு மணிக்கு ஒரு குமர்ப்பிள்ளை அப்படிக் கத்தினால், கேளாதவன்போல முகம் கழுவிக்கொண்டிருக்க என்னால் ஏலாது. கத்தியது பக்கத்து வீட்டுக் குகதாசனின் மகள் தர்சிகா.

"ஐயோ, இது ஒன் ஆகுதில்லை அம்மா! இண்டைக்கு நாலு மணிக்குப் பூட்டிப் போடுவினம்!"

அவள் கம்பஸில் விவசாயம் படிக்கிறவள், கடைசி வருடம். இரண்டு போகம் தகப்பனுடைய வாழைத்தோட்டத்தில் அளந்து, எழுதி, அடித்து முடித்த ஆய்வுக்கட்டுரை அந்த லப்டொப்புக்குள் கிடந்தது. பின்னேரம் நாலு மணிக்குள் அதை இணையத்தில் ஏற்றவேண்டும். ஏற்றாவிட்டால் அடுத்த பிரிவோடுதான், இன்னொரு வருடம். போன மாதம் கம்பஸ் சேருக்கு அனுப்பிய பழைய பிரதி ஒன்று இருந்ததாம், ஆனால் அதில் கடைசி இரண்டு அத்தியாயம் இல்லை. வேறெங்கும் ஒரு பிரதி வைக்காமல் விட்டது அவளுடைய விசர்த்தனம். அதை அப்போது சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

அந்த இரண்டு போகமும் நான் கண்ணால் கண்டது. மாரியில் முழங்கால் வரைக்கும் சேறு. தர்சிகா அளவு நாடாவின் மேல் நுனியைப் பிடித்துக்கொண்டு வாங்கில் ஏறி நின்று உயரத்தை வாசிப்பாள். கீழ் நுனியை வாழையடியில் அமத்திப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பாள் தாய் சுபாஜினி. நூற்றிருபது வாழை, இரண்டு கிழமைக்கு ஒருதரம். குகதாசன் வரம்பில் நின்று, "என்ரை தோட்டத்திலையெல்லே ஆராய்ச்சி நடக்குது" என்று போகிற வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பான். நான் தியாகலிங்கம், ஓட்டோ ஓடுகிறவன். எனக்கே பத்துத் தரம் சொல்லியிருப்பான்.

நான் வேலிப் பொட்டுக்குள்ளால் உள்ளே போனேன். முதல்நாள் பெய்த மழையில் முற்றம் சொதசொதவென்று கிடந்தது. கொல்லையில் வெட்டிய கிடங்கில் வாழைக்குலை பழுக்கப் போட்ட புகை இன்னும் இலேசாக மணத்தது. விறாந்தை மேசையில் லப்டொப் வாயைப் பிளந்தபடி கறுப்பாய்க் கிடந்தது. பக்கத்தில் ஆறிய புட்டும் முட்டைப்பொரியலும் கோப்பையோடு இருந்தன, ஒருவரும் தொடவில்லை.

"சார்ஜர் குத்தினாலும் லைற் வருதில்லை மாமா" என்றாள் தர்சிகா. கண் சிவந்திருந்தது.

"பிளக்கிலை கரண்ட் இருக்கோ?"

"இருக்கு. போன் சார்ஜ் ஏறுது. குசினிப் பிளக்கிலையும் குத்திப் பாத்தனான்."

குகதாசன் உள்ளேயிருந்து வந்தான். வெறும் மேல், தோளில் துவாய். வந்ததும் வராததுமாகச் சுபாஜினியைப் பார்த்துத்தான் பாய்ந்தான்.

"உவள்தான் ஏதோ செய்திருக்கிறாள். தூசி தட்டுறன், துடைக்கிறன் எண்டு எந்த நேரமும் ஒரு சீலையோடை திரியிறது. மிசினைத் துடைச்சனியோ இல்லையோ, சொல்லு!"

"மூடியைத் துடைச்சனான். முந்தநாள். காய்ஞ்ச சீலையாலை" என்றாள் சுபாஜினி. பொய் சொல்லத் தெரியாத மனுசி.

"பாத்தியளே, வாயாலை வருகுது!"

"அம்மா, தெரியாட்டித் தொடாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்!" என்று மகளும் சேர்ந்துகொண்டாள். "என்ரை ஒரு வருசம் போகப்போகுது, விளங்குதோ உங்களுக்கு?"

"காய்ஞ்ச சீலை பிள்ளை. வெளி மூடியிலைதான்."

"காய்ஞ்ச சீலையோ ஈரச் சீலையோ, ஆருக்குத் தெரியும்!" என்றான் குகதாசன்.

அந்த லப்டொப் ரொறன்ரோவில் இருக்கும் குகதாசனின் தம்பி சுபாங்கன் அனுப்பியது. அவன் பாவித்துவிட்டு அனுப்பியதுதான், ஆனால் அனுப்பிய நாளிலிருந்து அதற்கு அவன்தான் வைத்தியன். குகதாசன் அவனை வட்ஸ்அப்பில் எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தான். அங்கே இரவு படுக்கிற நேரம். சுபாங்கன் கொட்டாவியோடு கதைத்தான்.

"பிள்ளை, சார்ஜரைக் கழட்டு. பவர் பட்டனை முப்பது செக்கன் அமத்திப் பிடி. விடாதை. பேந்து சார்ஜரைக் குத்திப்போட்டு அமத்து."

தர்சிகா அமத்தினாள். நான் வாய்விட்டு எண்ணினேன். முப்பது, நாற்பது, அறுபது வரைக்கும் எண்ணினேன். ஒன்றும் இல்லை.

"காத்தாடிச் சத்தம் கேக்குதோ? காதை வைச்சுப் பார்."

"இல்லைச் சித்தப்பா."

"ரோச்சைத் திரையிலை அடிச்சுப் பார், மங்கலா ஏதும் தெரியுதோ?"

"இல்லை."

"அப்ப ஆரோ உள்ளுக்குத் தண்ணி விட்டிட்டினம். அண்ணை, மச்சாளை உதிலை கை வைக்க விடாதேங்கோ எண்டு அனுப்பேக்கையே சொன்னனானெல்லே? ஒண்டும் தெரியாட்டித் தொடாமல் இருக்கவேணும். படிச்சுப் படிச்சுச் சொன்னாலும் விளங்காத சனம்."

சுபாஜினி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவள் முகம் போன போக்கைக் கண்டும் நான் ஒரு சொல் சொல்லவில்லை. ஒரு சீலைத்துண்டுக்கு இந்தப் பாடோ என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த வீட்டுப் பிரச்சினை, நமக்கேன் என்று நின்றேன். இப்போது நினைக்க என்மீதே எனக்கு ஆத்திரம் வருகிறது.

"உந்தத் திருநெல்வேலிச் சந்தியிலை லெனாட் எண்டு ஒருதர் லப்டொப் திருத்துறவர். ஓட்டோவை எடுக்கிறன், வாங்கோ" என்றேன்.

"நானும் வாறன்" என்றான் குகதாசன். பிறகு என்ன நினைத்தானோ, "இல்லை, கிடங்குக் குலையைப் பாக்கவேணும், நீங்கள் போங்கோ" என்று பின்வாங்கினான். சுபாஜினிதான் ஏறினாள். சேலைக்கு மாறவில்லை, வீட்டில் போட்டிருந்த சட்டையோடு, லப்டொப்பைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தர்சிகா அதைத் தாயின் கையிலிருந்து பறித்துத் தன்னுடைய மடியில் வைத்தாள்.

கோப்பாய் தாண்ட மழை பிடித்துக்கொண்டது. நான் பக்கச் சீலையை இழுத்துவிட்டேன். இருபாலைச் சந்தியில் ஒரு லொறி சேற்றை வாரி என் முகத்தில் அடித்துவிட்டுப் போனது. "குறுக்காலை போவான்!" என்று கத்தினேன். லொறிக்காரனுக்கு மட்டும் சொன்னதில்லை அது. கல்வியங்காட்டில் சுபாஜினி மெல்ல, "பிள்ளை, ஒரு பணிஸ் வாங்கட்டே, காலமை சாப்பிடேல்லை" என்றாள். "எனக்கு வேண்டாம். விடுங்கோ" என்று மகள் வெடுக்கென்று சொன்னாள். தானும் சாப்பிடவில்லை என்பதைச் சுபாஜினி சொல்லவில்லை.

லெனாட்டின் கடை மாடியில். நாங்கள் போனபோது பூட்டியிருந்தது. பாசையூரில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருக்கிறார், ஒரு மணிக்கு வருவார் என்று கீழே மருந்து விற்கிற பாமசிக்காரன் சொன்னான். வேறு இரண்டு கடைக்கு ஏறி இறங்கினோம். ஒருவன் வைத்துவிட்டுப் போங்கோ, வெள்ளிக்கிழமை தாறன் என்றான். மற்றவன் திறந்தும் பாராமல், புதுசு ஒண்டு எடுங்கோவன் என்றான். தர்சிகா அவனை அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். திரும்பி வந்து லெனாட்டின் படிக்கட்டில் குந்தியிருந்தோம்.

லெனாட் வந்தபோது ஒன்றரை தாண்டிவிட்டது. நாற்பது வயது மனுசன், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருப்பான். விசயத்தைக் கேட்டதும் செத்தவீட்டுக்குப் போட்ட சேட்டைக்கூட மாற்றாமல் வேலைக்கு இருந்துவிட்டான். முதலில் சார்ஜரை மீற்றரால் பார்த்தான். "சார்ஜர் நல்லாத்தான் தருது." பிறகு லப்டொப்பைக் கவிழ்த்து ஆணிகளைக் கழற்றினான். அடிமூடியைத் தூக்கியவன், முகத்தைச் சுளித்துக்கொண்டு குனிந்து மணந்தான். இன்னொருக்கா மணந்தான்.

"தங்கச்சி, உதை எங்கை வைச்சிருந்தனீங்கள்?"

"மேசையிலை. ஏன்?"

"கதலிப்பழம் மணக்குது."

தர்சிகா அவனை முறைத்தாள். "பகிடி விடாதேங்கோ அண்ணை. எனக்கு நாலு மணிக்குக் குடுக்கவேணும்."

"பகிடி இல்லைப் பிள்ளை, நீரே மணந்து பாரும்." உள்ளே எல்லாவற்றிலும் மண்ணிறமாய் ஒரு பிசுபிசுப்புப் படிந்திருந்தது. அவன் பஞ்சால் துடைத்துக் காட்டினான். "இது புகை. இஞ்சை பச்சையாக் கிடக்கிறது தண்ணி பட்ட இடம். வெறுந்தண்ணியெண்டாத் தப்பப் பாத்திருக்கும். ஈரத்தோடை கொண்டுபோய்ச் சூடு காட்டியிருக்கு. ஒரு சீலைத்துண்டாலை உப்பிடி வராது."

சீலையைப் பற்றி அவனுக்குச் சொன்னது சுபாஜினிதான், வந்தவுடனே, தன்னுடைய குற்றத்தை ஒப்புக்கொள்வது போல.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. முதல்நாள் பின்னேரம், மழை விட்ட கையோடு, நான் ஓட்டோ கழுவிக்கொண்டு நின்றேன். குகதாசன் உரப்பையில் சுற்றிய எதையோ கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். எங்கள் பக்கத்தில் குலை பழுக்க வைப்பது அப்படித்தான். கிடங்கு வெட்டி, வாழையிலை பரப்பி, குலையை அடுக்கி மூடி, ஒரு துவாரத்தால் தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகையை ஊதிவிடுவது. என்ன குகன், காலமையும் புகை போட்டனியெல்லே என்று கேட்டேன். ஒரு குலை மிச்சம் கிடந்தது என்றான். குலையை எவன் கமக்கட்டுக்குள் வைப்பான்? நானும் ஒரு மொக்கன், கேட்டுவிட்டு ஓட்டோவைக் கழுவினேன்.

அதைச் சொன்னேன். சொல்லி முடிக்க முதலே சுபாஜினி குகதாசனுக்குப் போன் எடுத்து, எங்களுக்கும் கேட்கப் போட்டுவிட்டாள்.

"இஞ்சேருங்கோ. நேற்று நானும் பிள்ளையும் உரும்பிராய் அந்தியேட்டிச் சடங்குக்குப் போனாப் பிறகு, மேசையடி யன்னலை ஆர் திறந்தது?"

"ஏன்? காத்து வரட்டும் எண்டு திறந்தனான்."

"மழை அடிச்சதோ?"

"கொஞ்சம் அடிச்சது."

"மிசினைக் கிடங்கிலை வைச்சனீங்களோ?"

"ஈரமாக் கிடந்தது... உள்ளுக்கு வைக்கேல்லை, கிடங்கு வாயிலைதான் வைச்சனான். ஈரம் இழுக்கட்டும் எண்டு. புகையிலை, வெங்காயம் எல்லாம் உப்பிடித்தானே காய வைக்கிறது..."

"அப்ப காலமை ஏன் சொல்லேல்லை?"

"எல்லாரும் கத்திக்கொண்டு நிக்கேக்கை எப்பிடிச் சொல்லுறது?"

"கத்தினது ஆர்? முதல் கத்தினது நீங்களெல்லே! தெரிஞ்சுகொண்டெல்லே என்னைக் கேட்டனீங்கள், துடைச்சனியோ எண்டு! முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ளை மறைச்சிட்டு, என்னைத் தம்பிக்காரனும் பேச, பெத்த பிள்ளையும் பேசப் பாத்துக்கொண்டு நிண்டனீங்களெல்லே!"

"சரி சரி, இப்ப உதே கதை? மிசின் என்னவாம்?"

சுபாஜினி போனை அமத்தி வைத்தாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். தர்சிகா தாயைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, மிசின் போகட்டும்" என்றாள் சுபாஜினி லெனாட்டிடம். "பிள்ளை எழுதினது இருக்கோ, அழிஞ்சிட்டுதோ? அதைச் சொல்லுங்கோ."

நல்ல கேள்வி. அந்த ஒரு கேள்வியை அதுவரைக்கும் ஒருவரும் கேட்கவில்லை. ரொறன்ரோ வைத்தியனும் கேட்கவில்லை.

லெனாட் உள்ளேயிருந்து சூயிங்கம் தகடு அளவில் ஒரு துண்டைக் கழற்றினான். "போர்ட் செத்துது. எழுதினதெல்லாம் கிடக்கிறது இதிலை. இதுக்கும் சூடு பிடிச்சிருந்தா என்னட்டை மருந்தில்லை." அதைப் பதமாகத் துடைத்து, மெல்லிய ஒரு பெட்டிக்குள் பூட்டி, வயரால் தன்னுடைய கொம்பியூட்டரில் செருகினான். ஒன்றும் வரவில்லை. கழற்றி, இன்னொரு மருந்தால் துடைத்து, மின்விசிறிக்கு முன்னால் பிடித்தான். தர்சிகா சுவரோடு சாய்ந்து நின்று வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். மணி இரண்டே முக்கால். இரண்டாம் தரமும் வரவில்லை. மூன்றாம் தரம் செருகியபோது திரையில் மஞ்சள் மஞ்சளாய்ப் பெட்டிகள் வரிசைக்கு வந்தன.

"இது! இதுதான்! கடைசியா இருக்கிறது!" தர்சிகா கத்திய கத்தலில் பாமசிக்காரன் மேலே ஏறி வந்துவிட்டான்.

லெனாட் எழும்பிக் கதிரையைக் கொடுத்தான். அவள் இருந்து கட்டுரையைத் திறந்தாள். கம்பஸின் பெயர், தலைப்பு, அவளுடைய பெயர். அடுத்த பக்கத்தில் நடுவில் ஒரேயொரு வரி, இங்கிலிசில். அவள் கெதியாய்க் கீழே உருட்டப் போனாள்.

"நில்லு" என்றாள் சுபாஜினி. பின்னால் நின்றவள் குனிந்து, விரலைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய் எழுத்தெழுத்தாய்ப் பார்த்தாள். பத்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். "கே, யூ, ஜி... உது கொப்பற்றை பேரெல்லே?"

"ஓம் அம்மா."

"என்ன எழுதியிருக்கு?"

"இந்த ஆய்வு... தோட்டம் தந்து, துணை நிண்ட என்ரை அப்பாவுக்கு எண்டு."

"என்ரை பேர் எங்கை?"

"பின்னுக்கு நன்றி சொல்லுற பக்கத்திலை, குடும்பத்தாருக்கு எண்டு..."

"குடும்பத்தாரோ? நூற்றிருபது வாழையடியிலையும் குந்தியிருந்து நாடா பிடிச்சது குடும்பத்தாரோ? அட்டை கடிச்சு ரெத்தம் வழிஞ்ச கால் குடும்பத்தாற்றை காலோ? கொப்பர் வரம்பிலை நிண்டு பீடி பத்தினவர். அவர் துணை நிண்டவர். நான் ஆர் பிள்ளை? சீலையோடை திரியிறவள், என்ன?"

தர்சிகா அழத் தொடங்கினாள். "அப்பாவின்ரை பேரை அழிக்கட்டே அம்மா?"

"ஏன் அழிக்கிறாய்? தோட்டம் அவற்றைதானே, கிடக்கட்டும். என்ரை பேரையும் போடு. முன்னுக்குப் போடு. அழுறதைப் பேந்து அழு, இப்ப அடி. நேரம் போகுது."

லெனாட் யன்னலுக்கால் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். நானும் அந்தப் பக்கமே பார்த்தேன். தட்டச்சுச் சத்தம் கேட்டது. தன்னுடைய பெயரை இங்கிலிசில் எழுத்து எழுத்தாய்ச் சொல்லி, சரிதானா என்று சுபாஜினி பார்த்தாள். மூன்று இருபத்தைந்துக்கு ஏற்றினார்கள். ஏறியது என்று பச்சையில் ஒரு வரி வந்தது. அப்போதுதான் சுபாஜினி, "தியாகண்ணை, எங்கையும் ஒரு பணிஸ் வாங்கலாமோ, எனக்குத் தலை சுத்துது" என்றாள். தர்சிகா எனக்கு முன்னம் படியால் இறங்கி ஓடினாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது ஐந்தரை. மழை விட்டிருந்தது. குகதாசன் கிடங்கைத் திறந்து குலைகளை விறாந்தையில் அடுக்கியிருந்தான். கதலி நல்ல மஞ்சளாய்ப் பழுத்திருந்தது. எங்களைக் கண்டதும் ஒரு சீப்பை முறித்து நீட்டினான்.

"சரி வந்திட்டுதாமே. இந்தாங்கோ, சாப்பிடுங்கோ. தியாகண்ணை, நீங்களும் பிடியுங்கோ."

ஒருவரும் கை நீட்டவில்லை.

"தம்பிக்குப் போன் எடுங்கோ" என்றாள் சுபாஜினி.

"இப்ப ஏன் அவனுக்கு? அங்கை விடிஞ்சும் விடியாத நேரம், வேலைக்கு வெளிக்கிடுவான்."

"காலமை எல்லாருக்கும் கேக்கப் போட்டுத்தானே என்னைப் பேசினனீங்கள்? அதே மேசை. அதே போன். எடுங்கோ. எடுத்துச் சொல்லுங்கோ ஆர் செய்ததெண்டு."

"விசரே உனக்கு? அலுவல் முடிஞ்சுதானே, பேந்தேன்?"

"அப்பா, எடுங்கோ" என்றாள் தர்சிகா.

குகதாசன் என்னைப் பார்த்தான். ஆம்பிளைக்கு ஆம்பிளை காப்பாற்றுவேன் என்று நினைத்திருப்பான். "எடு குகன்" என்றேன். காலையில் சொல்லாமல் விட்டதற்கு அந்த இரண்டு சொல்லாவது.

அவன் சீப்பைக் கீழே வைத்து, கையைத் துவாயில் துடைத்து, போனை எடுத்து மேசையில் வைத்தான். சுபாங்கன் எடுத்தான்.

"என்ன அண்ணை, சரி வந்துதோ?"

"ஓம், பிள்ளை அனுப்பிப்போட்டாள்... அது தம்பி... உவள் துடைச்சதாலை இல்லை. யன்னலை நான்தான் திறந்து விட்டனான். மழை அடிச்சுப்போட்டுது. பேந்து காயட்டும் எண்டு கிடங்குப் புகையிலை நான்தான் வைச்சனான்."

ரொறன்ரோவில் ஒரு பெரிய சிரிப்பு வெடித்தது. "வாழைக்குலைக் கிடங்கிலையோ! அட அண்ணை, நீங்களும் ஒரு ஆள்! சரி, சரி, விடுங்கோ. தெரியாமல் செய்ததுதானே. ஆருக்கும் வாறதுதான். நான் வேறை ஒண்டு பாத்து அனுப்பிறன், யோசிக்காதேங்கோ."

குகதாசனின் முகம் தெளிந்தது. அவனும் சிரிக்க வாயெடுத்தான்.

சுபாஜினி மேசைக்குக் கிட்டப் போய்ப் போனுக்கு மேல் குனிந்தாள்.

"தம்பி, நான் மச்சாள் கதைக்கிறன். தெரியாமல் செய்ததுதானே, விடுங்கோ எண்டு இப்ப சொன்னீரெல்லே?"

"ஓம் மச்சாள்..."

"உதைக் காலமை எனக்கு ஏன் சொல்லேல்லை?"

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது. சுபாஜினி நிமிர்ந்து குகதாசனைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள், என்னால் அந்தக் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

"தம்பி, கேக்குதோ?"

"கேக்குது மச்சாள்."

"அப்ப பதில் சொல்லும்" என்றாள். கதிரையை இழுத்துப் போட்டு, போனுக்கு முன்னால் இருந்துகொண்டாள்.